வால்டர் தோளில் போட்ட சிவப்புத் துண்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். போன ஊரின் பெயர்கூட வாயில் நுழையவில்லை, மனசிலும் நிற்கவில்லை. நாலு பேர் கூடின இடத்தில் பேசச் சொன்னால் முந்தியைத் திருகிக்கொண்டு நிற்கிற ஆள் நான். நூலகத்து அம்மா, "போயிட்டு வந்ததை எழுதிக் குடுங்க ஆச்சி, நம்ம நூலக மலர்ல போடுவோம்" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். அதற்குமேல் மறுக்கக் கூச்சமாக இருந்தது. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா போனது மகள் தனத்துக்காக. படியில் இடறிக் கணுக்கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தாள். மருமகனுக்கு வேலை வேறு ஊரில், சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார், சில வாரம் அதுவும் கிடையாது. சமைத்துப் போட ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

கிளம்புகிற அன்றைக்கு மகாராஜபுரத்தில் எங்கள் தெருவே வந்து வழியனுப்பியது. சோழபுரத்தில் இருந்துதான் யாரும் வரவில்லை. அது நான் பிறந்த ஊர். தம்பி முருகையா அங்கே இருக்கிறான், பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்கிக்கொண்டு வந்தவன். ஒன்பது வருசமாக எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை.

காரணத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் எழுதுவது விளங்காது. என் வீட்டுக்காரரும் தம்பியும் ஒரே கட்சி. இரண்டு பேர் வேட்டியிலும் ஒரே கரை. ஒரு ஒன்றியத் தேர்தலில் எதிர்க்கட்சி சார்பில் நின்றவர், எங்கள் கண்மாய் மடை உடைந்தபோது முழங்கால் சகதியில் நின்று சரி செய்து கொடுத்த ஆள். அந்த நன்றிக்காக அவிய, என் வீட்டுக்காரர், அந்த மேடையில் ஏறி, இந்த ஒரு தடவை இவருக்குப் போடுங்கள் என்று கேட்டார்கள். அம்புட்டுத்தான். விலை போய்விட்டார் என்று தம்பி ஊர் முழுக்கச் சொன்னான். அடுத்த வருசம் அவிய தவறிப்போனார்கள். புருசன் செத்தால் கூடப்பிறந்தவன் கோடிச்சேலை கொண்டுவந்து போட வேண்டும். தம்பி வரவில்லை, கோடியும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் சேலையைக் கொடுத்து அந்த நேரத்தைச் சமாளித்தாள்.

எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. நான் போகும்போதும் பிறந்த வீட்டுக் கோடி மேலே விழ வேண்டும். விழுமா என்ற நினைப்போடுதான் விமானத்தில் ஏறினேன். அதில் ரொட்டிக்கு நடுவே பச்சை இலையை வைத்துக் கொடுத்தார்கள். நான் காரச்சேவு பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டேன்.

போன முதல் இரண்டு நாள் எனக்குப் பகல் எது, ராத்திரி எது என்றே தெரியவில்லை. தெருவில் ஆளே கிடையாது. கார் வருகிறது, கதவு தானாகத் திறக்கிறது, கார் உள்ளே போகிறது, கதவு மூடிக்கொள்கிறது. அதில் இருந்த மனுசன் எப்படி இருப்பான் என்று பார்க்க முடியாது. எங்கள் தெருவில் ஒரு கோழி குறுக்கே போனாலே நாலு பேர் விசாரிப்பார்கள்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கையில் ஒரு சட்டியோடு வந்தார். பெயர் வால்டர். எழுபத்தெட்டு வயசு, பனைமரம் மாதிரி உயரம். பெண்சாதி இறந்து தனியாக இருக்கிறார். ஒரு கண்ணில் ஆபரேசன் செய்து மூடி வைத்திருந்தது, இன்னொன்றிலும் பார்வை மட்டுத்தான். சட்டியில் வெள்ளைச் சோளக் குருணைக் கஞ்சி. அந்தப் பக்கத்துக்காரர்கள் காலையில் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். வெண்ணெய் போட்டிருந்தார். நான் நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். நாக்கை ஒரு சுழற்று சுழற்றிவிட்டு இன்னொன்று கேட்டார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர் என்று தனம் சொன்னாள். எனக்கு உடனே தம்பி ஞாபகம் வந்தது.

வால்டர் வீட்டுப் புல்தரையில் நீல எழுத்தில் ஒரு பலகை குத்தி வைத்திருந்தார். மூன்று வீடு தள்ளி அவருடைய கூடப்பிறந்த தம்பி ராய் வீடு. அங்கே வேறு பலகை. தனம்தான் விளக்கினாள். அங்கே பெரிய கட்சி இரண்டு. ஒன்றுக்கு யானை அடையாளம், ஒன்றுக்குக் கழுதை. கழுதையை யாராவது விரும்பி வைப்பார்களா என்று கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. அதிபர் தேர்தலுக்கு முன்னால், ஒவ்வொரு கட்சி சார்பிலும் யார் நிற்பது என்பதற்கே ஒரு தேர்தல் வைக்கிறார்கள். நம் ஊர் மாதிரி மேலிடத்தில் உட்கார்ந்து பட்டியல் போடுவதில்லை, சனங்கள் ஓட்டுப் போட்டு எடுக்க வேண்டும். அந்த மாநிலத்தில் எந்தக் கட்சிக்காரரும் எந்தக் கட்சித் தேர்தலிலும் போய் ஓட்டுப் போடலாம், ஏதாவது ஒன்றில்தான் போடலாம். வால்டர் ஐம்பது வருசமாக யானைக் கட்சி. இப்போது கழுதைக் கட்சியில் நிற்கப் போட்டி போடுகிற ஒரு அம்மாவை ஆதரிக்கிறார். பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு இருந்த ஆஸ்பத்திரியை மூடப் பார்த்தபோது அந்த அம்மா விடாமல் நின்று தடுத்தார்களாம். வருகிற சனிக்கிழமை கூட்டத்தில் மேடையேறி அதைச் சொல்லப்போகிறார்.

"தம்பி என்ன சொல்லுதாரு?" என்று கேட்டேன்.

"பலகை வச்ச நாள்ல இருந்து பேச்சு இல்லம்மா. ஒரு மாசம் ஆகப்போகுது" என்றாள்.

எனக்குச் சோற்றை வடிக்கக் கை ஓடவில்லை.

ஒருநாள் காலையில் வால்டர் எங்களை ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். மூலை மேசையில் நாலு கிழவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள், ராயும் அதில் ஒருத்தர். பல வருசமாக அது ஐந்து பேர் மேசையாம். ஐந்தாவது நாற்காலியில் ஒருத்தர் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். வால்டர் அதைப் பார்த்துவிட்டு எங்களோடு சன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அவியளும் கடைசி வருசத்தில் டீக்கடைப் பக்கம் போகாமல் வீட்டிலேயே காப்பி போடச் சொல்லிக் குடித்தது எனக்கு ஞாபகம் வந்தது.

ஒரு விசயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் கடைக்கு எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டது ராய். திரும்பக் கொண்டுபோய் விட்டதும் ராய். கண் ஆபரேசன் ஆனதால் வால்டர் வண்டி ஓட்டக்கூடாது. அதனால் தம்பி ஓட்டுகிறார். வாய் மட்டும் திறப்பதில்லை. எங்கள் பக்கம் பேச்சு நின்றால் வண்டியும் நின்றுவிடும்.

சனிக்கிழமை வந்தது. மேடையேறப் போகிறவரை வெறுங்கையோடு பார்க்கப் போவது எப்படி என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்காவது கொடுக்கலாம் என்று ராஜபாளையத்தில் நாலைந்து துண்டு வாங்கி வந்திருந்தேன். அதில் நல்ல அகலமான சிவப்புத் துண்டு ஒன்று. மங்கலமான நிறம் என்று அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். தனத்திடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

ராயின் பெரிய வண்டியில் முன்னால் அண்ணன் தம்பி, பின்னால் நானும் கட்டுக்காலோடு தனமும். பாதி வழியில் டயர் வெடித்தது. இரண்டு பக்கமும் பைன் மரம், ஆள் நடமாட்டம் இல்லை. ராய் இறங்கி ஜாக்கியை எடுத்தார். வால்டரும் இறங்கினார். ஒருத்தர் கையை நீட்டினால் மற்றவர் சரியான சாமானை அந்தக் கையில் வைக்கிறார். ஒரு வார்த்தை கிடையாது. சின்ன வயசில் இருந்து சேர்ந்து வேலை பார்த்த கைகள் என்று பார்த்தாலே தெரிந்தது. கழற்றின நட்டை எல்லாம் நான் முந்தியில் வாங்கி வைத்துக்கொண்டேன். சும்மா நிற்பானேன் என்று காரச்சேவை எடுத்து நீட்டினேன். ராய் ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டார். செத்த நேரத்தில் முகம் செக்கச்செவேல் என்று ஆகி, கண்ணில் தண்ணீர் கொட்டியது. "தண்ணி" என்றார். ஒரு மாசத்துக்குப் பொறவு அண்ணனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று வால்டர் பின்னால் தனத்திடம் சொல்லிச் சிரித்தாராம். பாட்டிலைக் கொடுத்துவிட்டு அவரும் வேறு எதுவும் பேசவில்லை.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்துப் பந்து விளையாடும் கூடத்தில். எங்கு பார்த்தாலும் நீலம். நீலத் தட்டி, நீலப் பலூன், நீலச் சட்டை. இருநூறு பேர் இருக்கலாம், எண்ணிப் பார்க்கவில்லை. ராய் உள்ளே உட்காராமல் கடைசியில் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வால்டர் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைக்கு மூன்று படி. கண் சரியாகத் தெரியாத மனுசன் தடுமாறினார். தனத்தால் எழுந்திருக்க முடியாது. நான்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

ஏறின பிறகுதான் நான் நிற்கிற இடம் எனக்கு உறைத்தது. அத்தனை கண்ணும் என் மேல். வந்ததற்கு மரியாதையைச் செய்துவிட்டு இறங்கிவிடுவோம் என்று பையில் இருந்த துண்டை உதறி, எட்டின மட்டும் எம்பி, அவர் தோளில் போர்த்திக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

கூடம் கப்சிப் என்று ஆகிவிட்டது. தனம் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அம்மா, சிவப்பு அந்தக் கட்சிக் கலரும்மா. யானைக் கட்சிக் கலரு. இது நீலக் கட்சி மேடை" என்றாள். அந்தத் தரை பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

வால்டர் துண்டின் நுனியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மைக்கில், "இது என்ன கலர்?" என்று கேட்டார். முன்வரிசையில் யாரோ சிவப்பு என்றார்கள். கதவோரத்தில் இருந்து ஒரே ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ராய். அப்புறம் கூடமே சிரித்தது.

வால்டர் துண்டைக் கழற்றவில்லை. அவர் பேசினதைத் தனம் என் காதில் சொல்லச் சொல்லக் கேட்டேன். "அப்ப சரியாத்தான் இருக்கு. நான் என் வீட்டை விட்டுட்டு வரல. அடுத்த வீட்டுல ஒரு நல்ல காரியம் நடக்கு, ஒத்தாசைக்கு வந்திருக்கேன். முடிஞ்சதும் என் வீட்டுக்குத்தான் போவேன்." பொறவு ஆஸ்பத்திரி விசயத்தைச் சொன்னார். ஐந்து நிமிசம்கூடப் பேசவில்லை. இறங்கி வந்ததும் ஒரு பொண்ணு நீலத்தில் ஒரு கழுத்துத்துணி கொண்டுவந்து, இதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று பணிவாகக் கேட்டாள். அவரும் பணிவாக வேண்டாம் என்றார். பத்திரிகைக்காரர் படம் எடுத்துக்கொண்டார். ஓரத்தில் நானும் விழுந்துவிட்டேன்.

என் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது வேறு ஒரு மேடை. அன்றைக்கு வத்திராயிருப்புக் கூட்டத்தில் அவிய ஏறினதும் அந்தக் கட்சிக்காரர்கள் தங்கள் துண்டைத்தான் போர்த்தினார்கள். மரியாதைக்குப் போர்த்துவதைத் தட்டிவிட முடியாது. மறுநாள் ஒட்டின போஸ்டரில் அந்தத் துண்டும் முகமும்தான் தெரிந்தது. அவியளுக்கு அவிய கட்சித் துண்டைப் போர்த்த அங்கே யாரும் இல்லை.

திரும்பி வரும்போது ராய் ரொம்ப தூரம் பேசாமல் ஓட்டினார். பொறவு ரோட்டைப் பார்த்தபடியே, "அதைக் கழட்டாத. ஒனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வால்டர் துண்டை இழுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"ஆனா நான் அந்தம்மாவுக்குப் போட மாட்டேன்."

"நான் ஒன்கிட்ட கேக்கவே இல்லையே" என்றார் வால்டர்.

அதற்குமேல் அவர்கள் பேசினது மீன் பிடிக்கிற தூண்டிலைப் பற்றி. தனம் மொழிபெயர்ப்பைப் பாதியில் விட்டுத் தூங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் ஓட்டு. ஒரு கோயில் கூடத்தில் வைத்திருந்தார்கள். அவர்கள் கோயில், சர்ச்சு. நாங்கள் வேடிக்கை பார்க்கக் கூடப் போனோம். மேசையில் இருந்த அம்மாவுக்கு வால்டரை முப்பது வருசமாகத் தெரியுமாம். எந்தக் கட்சித் தேர்தலுக்கு வந்திருக்கிறார் என்று வாயால் சொன்னால்தான் சீட்டு. வால்டர் சத்தமாகச் சொன்னார். அந்த அம்மா ஒருதரம் நிமிர்ந்து அவர் முகத்தையும் தோளில் கிடந்த துண்டையும் பார்த்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். ராய் வெளியே வண்டியிலேயே இருந்தார். வால்டர் ஆதரித்த அம்மா அந்தத் தேர்தலில் தோற்றுப்போனார்கள். அதை டி.வி.யில் பார்த்த மறுநாள் காலையில் அந்தக் கடைக்குப் போனோம். ஐந்தாவது நாற்காலியில் தொப்பி இல்லை. வால்டர் போய் உட்கார்ந்தார். அவர்கள் அவரை என்னமோ சொல்லிக் கேலி செய்தார்கள். அன்றைக்குக் கஞ்சியை வழித்துச் சாப்பிட்டார்.

இதற்கு நடுவில் அந்தப் படத்தைத் தனம், துண்டு போட்ட கதையையும் எழுதி, சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் போட்டிருந்தாள். அது எப்படியோ சோழபுரம் போய்விட்டது. ஒருநாள் நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன், போன் அடித்தது. தனம் பேரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் என் காதில் வைத்தாள்.

"அங்கயும் போயி அடுத்தவன் மேடை ஏறியாச்சாக்கும்?" முருகையா குரல். "டீக்கடையில என்னைய இருக்கவிட மாட்டேங்குறானுவ. ஒங்க அக்கா அமெரிக்காவுல கட்சி மாறிட்டாளாமேன்னு கேக்கானுவ."

ஒன்பது வருசத்துக்குப் பொறவு கேட்கிற குரல். திட்டினாலும் அவன் குரல்.

"சாப்ட்டியாலே?" என்றேன்.

போன் நின்றுவிட்டது. தோசை கருகிப்போயிருந்தது.

தனம் கால் ஊன்றி நடந்ததும் நான் ஊர் திரும்பினேன். வால்டரும் ராயும்தான் விமானத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். மதுரையில் இறங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, மேற்கே மலை கண்ணில் பட்டதும்தான் மூச்சு சீராக வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் நான் எங்கே போய்வருகிறேன், யாருக்கு என்ன, கால் எப்படி உடைந்தது என்று கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் எல்லாம் விசாரித்துவிட்டாள். எனக்கு இனிப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம். வெயிலில் வாசலில் ஒரு ஆள் நின்றான். முடியெல்லாம் நரைத்து, சற்றே கூன் விழுந்து. கையில் மஞ்சள் பை. "உள்ள வாலே" என்றேன். முருகையா உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். செம்பில் தண்ணீர் கொடுத்தேன், குடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த வெள்ளைக்காரன் அவன் கட்சித் துண்டோடதான் நின்னானா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். தெரியாமல் போட்டது, ஆனால் அவர் கழற்றவில்லை என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். வால்டரின் தம்பி பேசாமல் இருந்தும் வண்டி ஓட்டினதைச் சொல்லும்போது முருகையா தலையைக் குனிந்துகொண்டான்.

"அத்தான் அன்னைக்கு என்ன வேட்டி கட்டியிருந்தாரு?" என்றான்.

"நம்ம கரைதான். நான்தானலே துவைச்சு எடுத்துக் குடுத்தேன். வெள்ளை வேட்டி கட்டிக்கிடுங்கன்னேன். நான் என்ன கட்சியா மாறுதேன்னு சத்தம் போட்டாவ."

"போஸ்டர்ல நெஞ்சு வரைக்குந்தான் இருந்துச்சு" என்றான்.

"மேசை மறைச்சிருச்சு. நீ நேர்ல வந்து பாக்கல."

அவன் மஞ்சள் பையில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தான். ராஜபாளையத்து ஜவுளிக்கடை உறை, நிறம் போய், மூலை கிழிந்து. உள்ளே சந்தன நிறத்தில் ஒரு சேலை.

"அத்தான் தவறின அன்னைக்கே வாங்கிட்டேன்க்கா. கிருஷ்ணன்கோவில் வரைக்கும் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, எதுத்த பஸ்ல ஏறிட்டேன். பொட்டியிலயே கெடந்துச்சு."

அவன் அழவில்லை. நான்தான் அழுதேன். பொறவு சோறு போட்டேன், மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான்.

நூலகத்து அம்மா, அச்சுக்குப் போகும் முன்னால் சிலதைச் சரிபார்க்க வேண்டும். யானைக்குச் சிவப்பு, கழுதைக்கு நீலம் என்று எழுதியிருக்கிறேன், மாற்றி எழுதிவிட்டேனா பாருங்கள். அந்த ஊர்ப் பெயரைத் தனத்திடம் போனில் கேட்டுப் போடுங்கள். ஓட்டு நடந்தது அடுத்த வாரமா அதற்கும் அடுத்ததா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. இன்னொன்றும் விவரம் தெரிந்த பெரியவர்களிடம் விசாரித்துச் சொல்லுங்கள். புருசனுக்குப் போட வேண்டிய கோடியை எட்டு வருசம் கழித்து வாங்கிக்கொள்ளலாமா, அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. மடிப்புக் கோட்டில் பழுப்பு ஏறியிருக்கிறது, அலசியும் போகவில்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.